சியாட்டில் நகரில் பிக்கிள்பால் ஆடுகளங்கள்

பிக்கிள்பால் என்பது சிறிய களத்தில், தாழ்ந்த வலைக்கு இருபுறமும் நின்று, நரம்பு கட்டாத கெட்டி மட்டையால் துளைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தை அடித்து ஆடும் விளையாட்டாகும். இருவரோ நால்வரோ ஆடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு எதிரே கடலில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் 1965-ஆம் ஆண்டு கோடையில் இது தோன்றியது. விளையாட்டுத் தொழில் துறையினரின் கணக்கின்படி 2024-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடியே 98 லட்சம் பேர் இதை ஆடினர்.

ஆட்டம் வளர்ந்த வேகத்துக்குக் களங்கள் வளரவில்லை. ஆட்டம் பிறந்த பகுதியான சியாட்டிலுக்கும் இது பொருந்தும். அங்கே பிக்கிள்பால் பெருமளவு டென்னிஸ், கூடைப்பந்து முதலிய பிற ஆட்டங்களுக்கென அமைந்த இடங்களில் ஆடப்படுகிறது. ஆகவே நல்ல களம் ஒன்றைத் தேடுபவர் முகவரியை அறிந்தால் மட்டும் போதாது. அந்த இடம் யாருக்காக அமைந்தது, எந்த நேரத்தில் கிடைக்கும், தரை எப்படி இருக்கிறது, அருகில் யார் குடியிருக்கிறார்கள் என்பவற்றையும் அறிய வேண்டும்.

தோற்றம்

ஜோயல் பிரிச்சர்டு, பில் பெல், பார்னி மெக்கலம் ஆகிய மூவரும் இவ்விளையாட்டை உருவாக்கியவர்களாகக் கருதப்படுகின்றனர். பிரிச்சர்டு அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் வாஷிங்டன் மாநிலத் துணை ஆளுநராகவும் இருந்தவர். பெயின்பிரிட்ஜ் தீவில் இருந்த அவரது கோடை வீட்டில் பழைய இறகுப்பந்துக் களம் ஒன்று இருந்தது. விடுமுறையில் பொழுது போகாமல் இருந்த குடும்பத்தினருக்காக இறகுப்பந்து ஆட முனைந்தபோது, அதற்கு வேண்டிய பொருள்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. கைக்குக் கிடைத்த மேசைப்பந்து மட்டைகளையும் துளைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு ஆடத் தொடங்கினர். பந்து தரையில் நன்றாக எழும்பியதால், 60 அங்குல உயரத்தில் இருந்த வலையை 36 அங்குலத்துக்கு இறக்கினர். மெக்கலம் ஒட்டுப்பலகையில் பெரிய மட்டைகளைச் செய்தார்.

இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு நிலையான களம் 1967-இல் பிரிச்சர்டின் அண்டை வீட்டுத் தோட்டத்தில் அமைந்தது. அறியப்பட்ட முதல் போட்டி 1976-இல் சியாட்டிலை அடுத்த டக்வில்லாவில் நடந்தது. 1984-இல் தேசிய அமைப்பு ஒன்று உருவாகி விதிப்புத்தகம் வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று, பிக்கிள்பாலை வாஷிங்டன் மாநிலத்தின் அதிகாரப்பூர்வ விளையாட்டாக்கும் சட்டத்தில் ஆளுநர் ஜே இன்ஸ்லி பெயின்பிரிட்ஜ் தீவில் கையெழுத்திட்டார்.

வேறொரு விளையாட்டின் களத்தில், வேறொரு விளையாட்டின் மட்டையோடு தொடங்கியது இந்த ஆட்டம். பிறர் களத்தைப் பகிர்ந்துகொள்ளும் அந்த வழக்கம் நகரத்தில் இன்றும் தொடர்கிறது.

களத்தின் அளவும் அதன் விளைவும்

பிக்கிள்பால் களத்தின் நீளம் 44 அடி (13.41 மீ), அகலம் 20 அடி (6.10 மீ). இது இறகுப்பந்து இரட்டையர் களத்தின் அளவேயாகும். வலையின் இருபுறமும் 7 அடி (2.13 மீ) தொலைவு வரை உள்ள பகுதிக்குள் நின்று, தரையில் விழாத பந்தை அடிக்கக் கூடாது. இப்பகுதியை ஆடுவோர் ‘கிச்சன்’ என்பர். வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம்.

கோடுகளுக்கு வெளியே ஓடி நிற்கவும் இடம் வேண்டும். அதையும் சேர்த்து ஒரு களத்துக்குக் குறைந்தது 60 அடி நீளமும் 30 அடி அகலமும் தேவை. டென்னிஸ் களத்துக்கு வெளிவிளிம்புகளையும் சேர்த்து ஒதுக்கப்படும் இடம் வழக்கமாக 120 அடிக்கு 60 அடி. அதாவது ஒரு டென்னிஸ் களம் இருந்த இடத்தில் நான்கு பிக்கிள்பால் களங்கள் அமைக்கலாம். இரட்டையர் ஆட்டத்தில் நால்வர் ஆடிய இடத்தில் 16 பேர் ஆட முடியும்.

பிக்கிள்பால் ஆடுவோர் நகராட்சியிடம் முன்வைக்கும் வலுவான வாதம் இந்தக் கணக்குதான். டென்னிஸ் ஆடுவோருக்கும் தங்கள் வாதம் உண்டு. நகருக்குள் டென்னிஸ் களங்களும் குறைவு. ஒருமுறை மாற்றிவிட்டால் அவை திரும்பக் கிடைப்பதில்லை. இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருப்பதால், நகர நிர்வாகம் பல இடங்களில் பகிர்வு முறையைத் தேர்ந்திருக்கிறது.

சியாட்டிலில் ஆடக்கூடிய இடங்கள்

இரட்டைக் கோடு இட்ட டென்னிஸ் களங்கள்: நகரப் பூங்காத் துறை சில பொது டென்னிஸ் களங்களில் பிக்கிள்பால் கோடுகளையும் வேறு நிறத்தில் வரைந்துள்ளது. நகரின் வடபகுதியில் உள்ள கிரீன் லேக் ஏரிப் பூங்காவின் களங்கள் ஆடுவோர் பலர் கூடும் இடமாகும். இத்தகைய களங்களில் கட்டணமின்றி ஆடலாம். ஆனால் சில சிக்கல்கள் உண்டு. டென்னிஸ் வலை நடுவில் 36 அங்குலமும் ஓரங்களில் 42 அங்குலமும் உயரம் கொண்டது; பிக்கிள்பால் வலையைவிட இது உயரம். ஆகவே பலர் மடக்கு வலைகளைத் தாமே கொண்டுவருகின்றனர். இரண்டு ஆட்டங்களின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால், புதிதாக ஆடுவோருக்குப் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கண்டறியச் சிறிது பழக்கம் வேண்டும்.

சமூக மையங்களின் உள்ளரங்குகள்: நகராட்சி நடத்தும் சமூக மையங்களில் கூடைப்பந்துக் கூடங்கள் உள்ளன. குறிப்பிட்ட நாள்களில், குறிப்பிட்ட மணிநேரங்களில் அவை பிக்கிள்பாலுக்குத் திறக்கப்படுகின்றன. ஒரு கூடத்தில் இரண்டு அல்லது மூன்று களங்கள் அமையும். முதியோரும் பகல் நேரத்தில் வர முடிந்தவர்களும் இங்கே மிகுதி. ஒவ்வொரு பருவத்துக்கும் கால அட்டவணை மாறும் என்பதால், பழைய அட்டவணையை நம்பிச் செல்வது வீண் பயணமாக முடியலாம்.

தனியார் உள்ளரங்குகள்: கட்டணம் செலுத்தி நேரத்தை முன்பதிவு செய்யும் இடங்கள் இவை. தரை, வெளிச்சம், வலை ஆகியவை சீராக இருக்கும். மழை பற்றிய கவலை இல்லை. வாரத்துக்கு மூன்று நான்கு நாள் ஆடுவோருக்குச் செலவு கூடும்.

பெயின்பிரிட்ஜ் தீவு: சியாட்டில் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலில் ஏறத்தாழ 35 நிமிடப் பயணம். தீவின் பேட்டில் பாயின்ட் பூங்காவில், ஆட்டத்தை உருவாக்கியவர்களின் நினைவாகப் பெயரிடப்பட்ட தனிக் களங்கள் உள்ளன. டென்னிஸ் கோடுகள் கலவாத, பிக்கிள்பாலுக்கென்றே அமைந்த களங்களில் ஆட விரும்புவோரும், ஆட்டத்தின் பிறப்பிடத்தைக் காண விரும்புவோரும் இங்கே செல்கின்றனர்.

மழையும் வெளிச்சமும்

சியாட்டிலில் களத்தைத் தேர்வதில் வானிலைக்குப் பெரும் பங்கு உண்டு. அக்டோபர் முதல் வசந்தகாலம் வரை அடிக்கடி தூறல் விழும். பெருமழையாக இல்லாவிட்டாலும் களத்தை நனைக்க அது போதும். ஈரமான களத்தில் பந்து சரியாக எழும்பாது. அதைவிட முக்கியமாக, கால் வழுக்கும். பின்னோக்கி ஓடி உயரப் பந்தை அடிக்க முயன்று விழுபவர் கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிவது உண்டு. ஆடுவோரில் முதியோர் பலர் இருப்பதால், களம் காயும்வரை ஆடாமல் இருப்பதே நல்லது. தேங்கிய நீரைத் தள்ள நீண்ட கைப்பிடியுள்ள வைப்பர்களை ஆடுவோரே கொண்டுவருவதும் வழக்கம். மரங்களின் நிழலில் உள்ள களங்கள் கோடையில் குளிர்ச்சியாக இருக்கும். மழைக்காலத்தில் அவையே தாமதமாகக் காயும், இலைகளும் பாசியும் சேரும்.

நகரம் வடக்கே ஏறத்தாழ 47.6 பாகை அகலக்கோட்டில் உள்ளது. ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்குப் பிறகே பொழுது சாயும். டிசம்பரில் மாலை 4.30 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து ஆட வருவோருக்குக் குளிர்காலத்தில் விளக்குள்ள களமோ உள்ளரங்கமோ இன்றி வழியில்லை. கோடை இறுதியில் காட்டுத்தீப் புகை நகரைச் சூழும் நாள்களும் உண்டு. அந்நாள்களில் காற்றின் தர அளவைப் பார்த்த பின்பே வெளியில் ஆடுவது பொருத்தம்.

நல்ல களத்தின் அடையாளங்கள்

சியாட்டிலுக்கு மட்டுமின்றி எந்த நகருக்கும் பொருந்தும் சில அடையாளங்கள் உண்டு.

தரை: வெடிப்பும் பள்ளமும் இல்லாமல், சிறு சொரசொரப்புடன் இருக்க வேண்டும். பந்து ஒரே சீராக எழும்புகிறதா என்பதை நான்கைந்து இடங்களில் பந்தைப் போட்டுப் பார்த்தே அறியலாம்.

திசை: களத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருந்தால் காலையிலும் மாலையிலும் சூரியன் நேராகக் கண்ணில் படாது.

காற்று: பந்தின் எடை 22 முதல் 26.5 கிராம் வரைதான். திறந்தவெளியில் காற்று அதை எளிதில் இழுத்துச் செல்லும். வேலியில் கட்டிய துணித்திரையோ அருகில் கட்டடமோ இருந்தால் நல்லது.

பின்வெளி: கடைக்கோட்டுக்குப் பின்னே 8 அடியாவது இருக்க வேண்டும். வேலியோ சுவரோ அதைவிட அருகில் இருந்தால் மோதிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அடுத்தடுத்த களங்களுக்கிடையே தடுப்பு இருந்தால், பக்கத்துக் களத்துப் பந்து காலடியில் உருண்டுவந்து இடறாது.

பந்து: வெளிக்களத்துக்கான பந்தில் பொதுவாக 40 சிறு துளைகளும், உள்ளரங்கப் பந்தில் 26 பெரிய துளைகளும் இருக்கும். களத்துக்கேற்ற பந்தை எடுத்துச் செல்ல வேண்டும்.

வசதிகள்: குடிநீர், கழிப்பறை, அமர இருக்கை, பேருந்து வசதி ஆகியவை முதியோருக்கும் மாணவருக்கும் இன்றியமையாதவை. காரில் மட்டுமே போகக்கூடிய இடத்தில் அருமையான களம் இருந்தாலும் ஒரு மாணவருக்கு அதனால் பயனில்லை.

காத்திருக்கும் முறை

அமெரிக்கப் பொதுக் களங்களில் ‘ஓப்பன் பிளே’ என்னும் முறை பரவலாக உள்ளது. துணையைத் தேடிக்கொண்டு வராமல் தனியாக வருபவரும் இதில் சேரலாம். வருபவர் தம் மட்டையை வேலியோரத்தில் உள்ள தாங்கியில் வரிசையாக வைப்பார். களம் காலியானதும் வரிசையில் முதலில் உள்ள நான்கு மட்டைகளுக்கு உரியவர்கள் ஆடச் செல்வர். ஆட்டம் பொதுவாக 11 புள்ளிகளுக்கு நடக்கும். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். ஓர் ஆட்டம் சுமார் கால் மணிநேரத்தில் முடிந்துவிடும் என்பதால், வரிசை நீண்டிருந்தாலும் வேகமாக நகரும்.

சில களங்களில் ஆட்டம் முடிந்ததும் நால்வரும் வெளியேறி மீண்டும் வரிசையில் சேர வேண்டும். வேறு சில களங்களில் வென்ற இருவர் அங்கேயே தங்கி, எதிரெதிர் அணிகளில் பிரிந்து ஆடுவர். எந்த முறை என்பதை அங்குள்ளவரிடம் கேட்டறிவதே நல்ல தொடக்கம். திறன் அடிப்படையில் களங்களைப் பிரிக்கும் இடங்களும் உண்டு. தொடக்க நிலையினர் தேர்ந்தோர் களத்தில் நுழைந்தால் இரு தரப்பும் மகிழ்வுடன் ஆட முடியாது.

ஒரு களம் நல்லதா என்பதை இந்தப் பழக்கவழக்கமும் தீர்மானிக்கிறது. புதியவரைப் பெயர் கேட்டு அழைத்துக்கொள்ளும் சாதாரணக் களம், புதியவருக்கு இடம் தராத பளபளப்பான களத்தைவிட மேல்.

ஒலியும் அண்டை வீட்டாரும்

பிக்கிள்பால் களத்துக்கு எதிராக எழும் முதன்மையான புகார் ஒலி. கெட்டி மட்டையும் கெட்டிப் பந்தும் மோதும்போது ‘டொக்’ என்ற குறுகிய, கூர்மையான ஓசை எழுகிறது. இதன் அலைவெண் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்சும் அதற்குச் சற்று மேலும் இருக்கும். மனிதக் காது எளிதில் உணரும் எல்லைக்குள் இது வருகிறது. டென்னிஸ் மட்டையின் நரம்புகளில் பந்து படும் ஓசை இதைவிட மந்தமானது. மேலும் டென்னிஸ் களம் ஒன்றிருந்த இடத்தில் நான்கு களங்களும் 16 பேரும் வரும்போது அடிகளின் எண்ணிக்கையும் பெருகுகிறது. ஒழுங்கான தாளத்தில் வராத ஓசை என்பதால், வீட்டில் இருப்பவர் அதற்குப் பழகிக்கொள்வதும் கடினம்.

இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குபவரும், நோயாளியும், கைக்குழந்தையின் தாயும் இந்த ஓசையால் உண்மையாகவே துன்பப்படுகின்றனர். அதனால் ஒலியைத் தடுக்கும் கனத்த திரைகள், ஆடும் நேரத்துக்கு வரம்பு, ஒலி குறைந்த மட்டைகள் போன்ற வழிகள் பல ஊர்களில் கையாளப்படுகின்றன. இவை ஓரளவே உதவும். வீடுகளிலிருந்து போதிய தொலைவில் களம் அமைப்பதே நிலையான தீர்வு. களம் தேடுபவர் சாலை இரைச்சல் மிகுந்த இடத்தையோ, வீடுகள் அருகில் இல்லாத பூங்காவையோ தேர்ந்தால், அந்த இடம் நாளை தடைசெய்யப்படும் வாய்ப்பும் குறைவு.

பொது இடம் யாருக்கு?

நகரத்தில் வெறும் இடம் என்று எதுவும் இல்லை. சியாட்டிலின் மேற்குப் பகுதியில் உள்ள லிங்கன் பூங்காவில் புதிய பிக்கிள்பால் களங்கள் அமைக்கத் திட்டமிடப்பட்டபோது, அங்குள்ள மரங்களையும் பறவைகளையும் காக்க வேண்டும் என்று குடியிருப்போர் பலர் எதிர்த்தனர். அத்திட்டம் கைவிடப்பட்டது.

நியூயார்க்கில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் உள்ள செரவல்லி விளையாட்டுத் திடலின் தளத்தில் பிக்கிள்பால் ஆடுவோர் கோடு வரைந்து ஆடத் தொடங்கினர். குழந்தைகள் சைக்கிள் ஓட்டவும் பந்து விளையாடவும் இருந்த இடம் சுருங்கியது. பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்த பின், நகரப் பூங்காத் துறை அங்கே பிக்கிள்பாலுக்குத் தடை விதித்தது. அதே நகரின் சென்ட்ரல் பூங்காவில், குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளமாக இருக்கும் வோல்மன் ரிங்கில் 2023 முதல் வெப்பமான மாதங்களில் 14 களங்கள் அமைக்கப்பட்டன. அவை கட்டணக் களங்கள்.

இந்த மூன்று நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் கிடைக்கும் இடம் நிலைக்கிறது. மற்றொருவர் பயன்படுத்தும் இடத்தை எடுத்துக்கொண்டால் பகை வளர்கிறது. கோடையில் வெறுமையாகக் கிடக்கும் பனித்தளம், பகலில் பூட்டிக் கிடக்கும் கூடைப்பந்துக் கூடம், பள்ளி விடுமுறை நாள்களில் காலியாக இருக்கும் களம் ஆகியவை முதல் வகை. குழந்தைகள் விளையாடும் ஒரே திடல் இரண்டாம் வகை. கட்டணத்தால் மட்டும் இடம் கிடைக்கும் நிலை வந்தால், கைக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு தொடங்கிய இந்த எளிய ஆட்டம் வசதியுள்ளோர் ஆட்டமாகிவிடும்.

களம் தேடும் வழிகள்

1. நகரப் பூங்காத் துறையின் இணையதளத்தில் களங்களின் பட்டியலையும் சமூக மைய அட்டவணையையும் முதலில் பார்க்கலாம். அனுமதிக்கப்பட்ட நேரமும் விதிகளும் அங்கேதான் உறுதியாகத் தெரியும்.

2. அமெரிக்காவில் ‘பிக்கிள்ஹெட்ஸ்’ போன்ற களம் தேடும் தளங்களில் களங்களின் எண்ணிக்கை, வலை வகை, விளக்கு, கட்டணம் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆடுவோர் தரும் தகவல் பழையதாக இருக்கவும் கூடும்.

3. மட்டையின்றி ஒருமுறை சென்று அரைமணிநேரம் நின்று பார்ப்பது பயனுள்ளது. காத்திருப்போர் எத்தனை பேர், வரிசை முறை என்ன, ஆடுவோரின் திறன் என்ன என்பவை தெரிந்துவிடும்.

4. ஒரே களத்தை நம்பாமல், வெயில் நாளுக்கு ஒன்று, மழை நாளுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என மூன்று இடங்களை அறிந்து வைத்துக்கொள்ளலாம்.

5. இரட்டைக் கோடு இட்ட களத்தில் டென்னிஸ் ஆடுவோர் காத்திருந்தால், அங்கு எழுதப்பட்டுள்ள நேர விதியின்படி இடம் விட்டுத் தர வேண்டும்.

பள்ளியின் இறகுப்பந்துக் களத்தில்

இந்த ஆட்டம் இறகுப்பந்துக் களத்தில் பிறந்ததால், இறகுப்பந்துக் களம் உள்ள எந்த ஊரிலும் இதை ஆட முடியும். இந்தியாவிலும் ஆட்டம் பரவிவருகிறது. 2025-இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் இந்தியப் பிக்கிள்பால் சங்கத்தைத் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பாக அங்கீகரித்தது.

பள்ளியிலோ கல்லூரியிலோ சிமென்ட் தரையில் வரைந்த இறகுப்பந்துக் களம் இருந்தால் மாற்றங்கள் மிகக் குறைவு. இரட்டையர் ஆட்டத்தின் வெளிக்கோடுகளையே எல்லையாகக் கொள்ளலாம். நடுக்கோடும் அப்படியே பயன்படும். இறகுப்பந்தின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து 1.98 மீ தொலைவில் உள்ளது. பிக்கிள்பாலுக்கு வேண்டியது 2.13 மீ. எனவே இருபுறமும் 15 செ.மீ பின்னால் ஒரு கோடு சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தால் போதும். 1.55 மீ உயரத்தில் உள்ள வலையை ஓரங்களில் 91 செ.மீ உயரத்துக்கு இறக்கி, நடுவில் 86 செ.மீ இருக்குமாறு தளர்த்த வேண்டும். மண் தரையில் பந்து சரியாக எழும்பாது என்பதால் கெட்டித் தரையே ஏற்றது. இறகுப்பந்து ஆடும் மாணவர்களுடன் பேசி நேரத்தைப் பிரித்துக்கொண்டால், புதிதாக ஒரு சதுர அடி நிலமும் இல்லாமல் ஒரு பள்ளிக்கு இன்னொரு விளையாட்டு கிடைத்துவிடும்.